வேதாளத்துக்கு உடல் கொடுத்தவர்: ‘அம்புலிமாமா’ சங்கர்

காரத்தொழுவு சந்திரசேகரன் சிவசங்கரன் 1924 ஜூலை 19 அன்று கொங்கு நாட்டின் தாராபுரம் பகுதியிலுள்ள காரத்தொழுவு என்ற சிற்றூரில் பிறந்தார். அந்த நீண்ட பெயர் பத்திரிகைப் பக்கத்தில் ‘சங்கர்’ என்று சுருங்கியது. வாசகர்கள் அவரை அந்தப் பெயரில்தான் அறிவார்கள். 1952இல் ‘அம்புலிமாமா’வில் சேர்ந்த அவர், ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் அந்த ஓர் இதழுக்கே வரைந்தார். கையில் உருவிய வாளும் தோளில் பிணமுமாக நள்ளிரவுச் சுடுகாட்டு வழியே நடக்கும் விக்கிரமாதித்தனைக் கண்ணை மூடிக்கொண்டு நினைத்துப் பார்க்கச் சொன்னால், இந்தியாவில் மூன்று தலைமுறையினரின் மனத்தில் எழுவது பெரும்பாலும் அவர் வரைந்த உருவம்தான்.

தந்தை பள்ளி ஆசிரியர். 1934இல், சங்கருக்குப் பத்து வயதானபோது, தாயும் பிள்ளைகளும் சென்னைக்குக் குடிபெயர்ந்தார்கள். முதலில் பிராட்வே மாநகராட்சிப் பள்ளி, பிறகு முத்தியாலுப்பேட்டை உயர்நிலைப் பள்ளி. இரண்டுமே ஜார்ஜ் டவுன் பகுதியில் உள்ளவை; அச்சகமும் காகிதக் கடையும் மொத்த வியாபாரமும் நிறைந்த வட்டாரம் அது. பையனின் கை வேகத்தை முதலில் கவனித்தவர் பள்ளியின் ஓவிய ஆசிரியர். பி.ஏ., எம்.ஏ. என்று போய்ப் பணத்தையும் காலத்தையும் வீணாக்காமல் ஓவியக் கல்லூரியில் சேர் என்று அவர் சொன்ன அறிவுரைதான் சங்கரின் வழியைத் தீர்மானித்தது. நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளை குமாஸ்தா வேலையைக் குறிவைத்துப் படித்த காலம் அது. ஒரு பள்ளி ஆசிரியர் இப்படிச் சொன்னதும், வீடு அதைக் கேட்டதும் சாதாரணக் காரியங்கள் அல்ல.

1941இல் சங்கர் சென்னைக் கலைத்தொழில் பள்ளியில் சேர்ந்தார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய இந்தப் பள்ளிக்கு அப்போது முதல்வர் தேவி பிரசாத் ராய் சௌத்ரி. அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைப் பிற்காலத்தில் வடித்தவரும் அவர்தான். சங்கரின் படங்களைப் பார்த்துவிட்டு, முதலாண்டு தேவையில்லை என்று நேரே இரண்டாம் ஆண்டில் சேர்த்துக்கொண்டார். ராய் சௌத்ரி சிற்பி. தசை எலும்போடு எங்கே ஒட்டுகிறது, எடையைத் தூக்கும்போது முதுகு எப்படி வளைகிறது என்று பார்த்துப் பழகிய கண் அவருடையது. அந்தப் பயிற்சி மாணவருக்கும் வந்து சேர்ந்ததைச் சங்கரின் விக்கிரமாதித்தன் காட்டிக்கொடுக்கிறான். பிணத்தின் பாரம் அவன் தோளில் இறங்கியிருக்கிறது. அந்தப் பாரத்தைத் தாங்கி நடப்பவனின் இடுப்பும் காலும் எந்தக் கோணத்தில் இருக்குமோ அதே கோணத்தில் படத்தில் இருக்கின்றன.

கொங்கு நாட்டிலிருந்து இதே பள்ளிக்கு வந்து பத்திரிகை ஓவியத்தில் பெயர் நிறுத்திய இன்னொருவரையும் இங்கே சொல்ல வேண்டும். கொல்லிமலைக்குப் பக்கத்துச் சமவெளியில் இருக்கும் நாமக்கல்லில் 1919இல் பிறந்த பி.எம். சீனிவாசன்தான் பிற்காலத்துச் ‘சில்பி’. தாமே ஓவியராகவும் இருந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை அவரைச் சென்னைப் பள்ளிக்குப் போகத் தூண்டினார். சில்பி ‘ஆனந்த விகட’னில் கோயில் சிற்பங்களை அச்சு அசலாகக் கோட்டில் வடித்தார். இருக்கும் கல்லைப் பார்த்து வரைந்தவர் சில்பி. இல்லாத உலகத்தைக் கண்முன் நிறுத்தியவர் சங்கர். துறைகள் வேறானாலும், ஒரு தூணுக்கு அடியும் நடுவும் தலையும் உண்டு, அவற்றை மழுப்பக்கூடாது என்ற ஒழுக்கம் இருவருக்கும் பொது.

படிப்பை முடித்த 1946ஆம் ஆண்டிலேயே சங்கர் ‘கலைமகள்’ இதழில் வேலைக்குச் சேர்ந்தார். கி.வா. ஜகந்நாதன் ஆசிரியராக இருந்த இலக்கிய மாத இதழ் அது. சம்பளம் மாதம் 85 ரூபாய். 1952 வாக்கில் அது 150 ரூபாயாக உயர்ந்திருந்தது. ஆனாலும் பெரிய குடும்பத்துக்குப் போதவில்லை, வெளியிலும் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார். தமிழ்ப் பத்திரிகை ஓவியத்துக்கு அது செழிப்பான காலம். மாலி விகடனில் ஒரு மரபையே உருவாக்கிவிட்டிருந்தார், கோபுலு வளர்ந்துகொண்டிருந்தார், மணியம் ‘கல்கி’யின் வரலாற்றுத் தொடர்களுக்கு உருவம் கொடுத்துக்கொண்டிருந்தார். இவர்களெல்லாம் முதன்மையாகப் பெரியவர்களுக்கு வரைந்தவர்கள். குழந்தைகளுக்காகவே வரைவதை வாழ்நாள் தொழிலாகக் கொள்ளும் இடம் சென்னை வடபழனியில் உருவாகிக்கொண்டிருந்தது.

நாடு விடுதலை பெறுவதற்கு ஒரு மாதம் முன்பு, 1947 ஜூலையில், பி. நாகி ரெட்டியும் சக்ரபாணியும் தெலுங்கில் ‘சந்தமாமா’வையும் தமிழில் ‘அம்புலிமாமா’வையும் தொடங்கினார்கள். நாகி ரெட்டி அச்சுத் தொழில் தெரிந்தவர், சக்ரபாணி எழுத்தாளர். விஜயா நிறுவனத்தின் பெயரில் ‘பாதாள பைரவி’யையும் ‘மிஸ்ஸியம்மா’வையும் ‘மாயா பஜா’ரையும் எடுத்த அதே இணை. 1949இல் கன்னடமும் இந்தியும், 1952இல் மராத்தியும் மலையாளமும், 1955இல் ஆங்கிலமும் சேர்ந்தன. பின்னாளில் சிங்களம், சமஸ்கிருதம், சந்தாலி வரை பதிப்புகள் பெருகின. எல்லாப் பதிப்புகளுக்கும் கதையும் பொது, படமும் பொது. மொழி மாறும்போது எழுத்து மாறியது; படம் அப்படியே நின்றது. ஆகவே வடபழனியில் ஒருவர் வரைந்த கோட்டைச் சுவரை, ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத பிள்ளைகள் ஒரே மாதத்தில் பார்த்தார்கள்.

சங்கர் 1952இல் வந்து சேர்ந்த இந்தக் குழுவில் அவரைத் தவிர வேறு மூன்று வலுவான கைகளும் இருந்தன. முதலாமவர் ‘சித்ரா’ என்ற டி.வி. ராகவன், இதழின் தொடக்கத்திலிருந்தே இருந்தவர், ஓவியப் பள்ளிக்குப் போகாமல் தானே கற்றுக்கொண்டவர். இரண்டாமவர் மைசூர்ப் பகுதியிலிருந்து வந்த எம்.டி.வி. ஆச்சார்யா, மகாபாரதக் காட்சிகளைக் கம்பீரமான அட்டைப்படங்களாக்கியவர். மூன்றாமவர் ஆந்திரத்தைச் சேர்ந்த வட்டாதி பாப்பய்யா. ‘வபா’ என்ற கையெழுத்தோடு வந்த அவருடைய அட்டைகளில் வண்ணம் நீரில் கரைந்தது போல மென்மையாக இருக்கும். நீண்ட காலம் இதழை நடத்திய தெலுங்கு எழுத்தாளர் கொடவடிகண்டி குடும்ப ராவும் சங்கர் வந்த அதே 1952இல்தான் சேர்ந்தார். அம்புலிமாமாவின் முகம் என்று இன்று நினைவில் நிற்பது இந்தச் சிலர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த காலத்தில் உருவானது.

சித்ராவின் படத்தையும் சங்கரின் படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தால் யாருடையது எது என்று குழந்தையும் சொல்லிவிடும். சித்ராவின் கோடு துள்ளும். முகத்தில் குறும்பு இருக்கும். பின்னணி தேவையான அளவோடு நின்றுவிடும். சங்கரின் படத்தில் வெற்றிடம் அரிது. அரசவை என்றால் தூணின் போதிகை, திரைச்சீலையின் மடிப்பு, சாமரம் வீசுபவளின் மணிக்கட்டு, ஓரத்தில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கும் காவலன் என்று ஒவ்வொன்றும் தன் இடத்தில் இருக்கும். காடு என்றால் அடிமரத்தின் முண்டும் முடிச்சும், தொங்கும் கொடியும், வேரடியில் ஏதோ ஒரு பிராணியும் இருக்கும். கதையை ஒரு மூச்சில் படித்து முடித்த பிள்ளை அதன் பிறகும் படத்தில் தேடிப் பார்க்க ஏதாவது மிச்சம் வைத்திருந்தார். அடுத்த இதழ் வர ஒரு மாதம் காத்திருக்க வேண்டிய வாசகருக்கு இது பெரிய கொடை.

இந்த வேலையின் நடைமுறையைப் பார்த்தால் அதன் கடினம் புரியும். அம்புலிமாமாவில் பக்கத்துக்கு ஒரு படம் என்பது ஏறக்குறைய விதி. எட்டுப் பக்கக் கதைக்கு எட்டுத் தருணங்கள் வேண்டும். எட்டும் கதையின் வெவ்வேறு கட்டத்தைச் சொல்ல வேண்டும். அதே சமயம் அடுத்த பக்கத்து இரகசியத்தை உடைத்துவிடக்கூடாது. படத்தின் சட்டம் பக்கத்தின் ஒரு பகுதிதான், மீதி எழுத்துக்கு. ஒரே வாக்கியம் ஒரு மொழியில் நீளும், இன்னொன்றில் சுருங்கும். படத்தின் அளவோ எல்லாவற்றுக்கும் ஒன்று. படத்துக்குள் எழுத்து எதுவும் இருக்கக்கூடாது. கடைப் பலகையோ ஓலையோ வந்தாலும் அது எந்த மொழியும் பேசாமல் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றப் பதிப்புகளில் பொய்யாகிவிடும். பேச்சுக் குமிழி கிடையாது. யார் பேசுகிறார், யார் அஞ்சுகிறார், யார் பொய் சொல்கிறார் என்பதையெல்லாம் கையும் கண்ணும் உடம்பின் சாய்வுமே சொல்லியாக வேண்டும்.

அச்சும் தன் பங்குக்கு நிபந்தனை போட்டது. ஈய எழுத்துகளைக் கோத்து அச்சடித்த காலத்தில் படத்தைப் புகைப்படம் எடுத்துத் துத்தநாகத் தகட்டில் அரித்து ‘பிளாக்’ செய்தார்கள். அப்படிச் செய்யும் கோட்டுப் பிளாக்குக்குக் கறுப்பும் வெள்ளையும் மட்டுமே தெரியும். சாம்பல் நிறம் தெரியாது. நிழல் வேண்டுமென்றால் நுண்ணிய கோடுகளை அருகருகே அடுக்கித்தான் காட்ட வேண்டும். கோடுகள் அளவுக்கு மீறி நெருங்கினால் மை அடைத்துக்கொண்டு கறையாகிவிடும். படத்தைப் பெரிதாக வரைந்து, பிளாக் செய்யும்போது சுருக்குவது வழக்கமாதலால், சுருங்கிய பிறகு எந்தக் கோடு பிழைக்கும் எது மறையும் என்பதையும் வரையும்போதே கணக்கிட வேண்டியிருந்தது. சங்கரின் சுடுகாட்டு இருளில் பிணம் தனியாக, மரம் தனியாக, புகை தனியாகத் தெரிவதற்கு இந்தக் கணக்குதான் காரணம்.

வேதாளக் கதைகளின் வேர் பதினொன்றாம் நூற்றாண்டுக் காசுமீரத்தில் சோமதேவர் தொகுத்த ‘கதாசரித்சாகர’த்துக்கும் அதற்கும் முந்திய மரபுகளுக்கும் போகிறது. அங்கே இருப்பவை இருபத்தைந்து கதைகள். அம்புலிமாமா அந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு உள்ளே புதிது புதிதாகக் கதைகளை இட்டது. ஒவ்வொரு மாதமும் அரசன் முருங்கை மரத்திலிருந்து பிணத்தை இறக்குவான். அதற்குள் இருக்கும் வேதாளம் கதை சொல்லிக் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், சொன்னால் மௌனம் கலைந்து பிணம் மரத்துக்கே திரும்பும். இருபத்தைந்து தீர்ந்த பிறகும் தொடர் நூற்றுக்கணக்கான கதைகளாக நீண்டதற்குச் சட்டத்தின் இந்த வட்டமான அமைப்பே காரணம். உள்கதை எப்படி மாறினாலும் தொடக்கமும் முடிவும் மாறுவதில்லை. அதனால் தலைப்புப் படமும் மாறவேண்டியதில்லை. இதழைப் புரட்டும் பிள்ளையின் கை முதலில் நிற்கும் பக்கமாக அது ஆனது.

அந்தப் படத்தின் பலம், பயத்தையும் தைரியத்தையும் ஒரே சட்டத்துக்குள் அளவோடு வைத்ததில் இருக்கிறது. சுற்றிலும் சுடுகாட்டுக்கு உரிய பயங்கரம் அத்தனையும் உண்டு. நடுவில் நடப்பவன் முகத்தில் பதற்றம் இல்லை. வேலை முடியவில்லை, முடிக்க வேண்டும் என்ற உறுதி மட்டுமே இருக்கிறது. ஏழு வயதுப் பிள்ளை அந்தப் பக்கத்தை இரவில் தனியாகத் திறக்கத் துணிந்தது அந்த முகத்தை நம்பித்தான். குழந்தைகளுக்கு வரைபவர் பயத்தை ஒளித்துவிடுவது எளிது. சங்கர் ஒளிக்கவில்லை. பயத்தின் நடுவே நம்பிப் பின்தொடரத் தகுந்த ஒருவனை நிறுத்தினார்.

வாய்மொழியும் பாட்டும் உருவத்தைக் கேட்பவரிடமே விட்டுவிடலாம். கொல்லிமலைக்குச் சங்க காலத்திலிருந்தே பேர்போன கொல்லிப்பாவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் தெய்வம் படைத்த அழகின் உவமையாக வரும் அந்தப் பாவை, சிரித்து மயக்கி உயிரைக் கொள்ளும் மோகினியாகப் பிற்கால வழக்கில் வளர்ந்தது. அவளுடைய மூக்கு எப்படி, நிறம் என்ன, என்ன உடுத்தியிருந்தாள் என்று யாரும் வரையறுக்கவில்லை. வரையறுக்காததால்தான் ஒவ்வொரு கேட்பவருக்கும் ஒரு பாவை கிடைத்தாள். ஓவியருக்கு இந்தச் சலுகை இல்லை. வேதாளத்துக்கு விரல் எத்தனை நீளம், முடி நரைத்ததா கறுத்ததா, பேசும்போது வாய் எவ்வளவு திறக்கும் என்று ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும். அந்த முடிவு பலவீனமாக இருந்தால் கதையும் பலவீனமாகிவிடும். அசுரன், யட்சிணி, பேசும் கிளி, பறக்கும் குதிரை என்று மாதந்தோறும் இப்படி முடிவெடுத்துக்கொண்டே அறுபது ஆண்டுகள் ஓடின என்பதை நினைத்துப் பார்த்தால்தான் சங்கரின் கற்பனை வளம் எவ்வளவு என்பது விளங்கும்.

இந்த உருவங்கள் வெறுங்காற்றிலிருந்து வந்தவை அல்ல. ரவிவர்மாவின் எண்ணெய் ஓவிய அச்சுகள் தேவர்களுக்கும் அரசர்களுக்கும் மனித உடலைக் கொடுத்திருந்தன. கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய சீடர்களும் அந்த மரபைக் காலண்டர் வழியாக வீடுதோறும் கொண்டுபோனார்கள். விஜயா வாகினி படப்பிடிப்புத் தளங்களில் எழுந்த அரண்மனைகளும் அதே வடபழனியில்தான் இருந்தன. சங்கரின் இராமாயண, மகாபாரதப் படங்களில் இந்த மூன்றின் சாயலும் உண்டு. அவற்றோடு கோயில் சிற்பத்தின் அணிகலன்களும் சேர்ந்துகொண்டன. இந்த மரபின் குறையும் கூடவே வந்தது. நல்லவன் வெளுத்தும் கெட்டவன் கறுத்தும் இருப்பதும், அரக்கன் என்றால் பருத்த உடலும் துருத்திய பல்லும் என்பதும், அரசிளங்குமரியர் எல்லோரும் ஒரே அச்சில் வார்த்த முகத்தோடு வருவதும் அம்புலிமாமாவின் பக்கங்களில் நிறைய. அதே பக்கங்களில் கிழவிகளையும், விறகு வெட்டிகளையும், கஞ்சப் பிரபுக்களையும், ஊர்ச் சபையில் உட்கார்ந்திருக்கும் குடியானவர்களையும் பார்த்தால், சங்கரின் கை அச்சை விட்டு வெளியே வந்து மனிதர்களைப் பிடித்திருப்பது தெரியும். அவருடைய மிகச் சிறந்த வேலை பெரும்பாலும் அரசர்களைச் சுற்றி நிற்கும் இந்தச் சாதாரணர்களிடம்தான் இருக்கிறது.

1967இல் அனந்த் பை ‘அமர் சித்ர கதா’ படக்கதை வரிசையைத் தொடங்கினார். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு வந்தது. அதே ஆண்டில் சிறுவர் இதழான ‘கோகுல’மும் பிறந்தது. 1985இல் தூர்தர்ஷனில் இராமானந்த சாகரின் ‘விக்ரம் அவுர் பேதாள்’ தொடர் ஒளிபரப்பானபோது வேதாளம் வீட்டுக் கூடத்துக்கே வந்துவிட்டது. படக்கதையில் படமே கதையை இழுத்துச் செல்கிறது. ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கண் ஓடுகிறது. அம்புலிமாமா கடைசிவரை எழுத்தை முன்வைத்தது. படிக்கத் தெரிந்த பிள்ளை பத்தியை முடித்துவிட்டுப் படத்துக்கு வரும். படிக்கத் தெரியாத தம்பி தங்கை படத்தை வைத்துக்கொண்டு கதையைக் கேட்கும். தனித்து நிற்கும் ஒரே படம் முழுக் காட்சியின் பாரத்தையும் தாங்க வேண்டிய இந்த அமைப்புக்குச் சங்கரின் நெருக்கமான, நின்று பார்க்கவைக்கும் பாணி மிகவும் பொருந்தியது.

பழைய கூட்டாளிகள் ஒவ்வொருவராக விலகினார்கள் அல்லது மறைந்தார்கள். சக்ரபாணி 1975இல் காலமானார். நிர்வாகமும் ஆசிரியப் பொறுப்பும் நாகி ரெட்டியின் மகன் விஸ்வநாத ரெட்டியிடம் வந்தன. சித்ரா 1978இலும், குடும்ப ராவ் 1980இலும், வபா 1992இலும் மறைந்தார்கள். முதல் தலைமுறை ஓவியர்களில் எஞ்சியவர் சங்கர் ஒருவர்தான். அச்சு முறை ஈயத்திலிருந்து ஆஃப்செட்டுக்கு மாறியது, பக்கங்கள் முழு வண்ணத்துக்குப் போயின. பேனாக் கோட்டின் மேல் கட்டிய அவருடைய பாணி அந்த மாற்றங்களைத் தாண்டியும் அடையாளம் தெரியும்படி நின்றது.

1998இல் இதழ் நின்றுபோனது. ஓராண்டுக்குப் பிறகு, 1999 டிசம்பரில், புதிய முதலீட்டோடு மறுபடியும் வெளிவந்தது. 2007இல் மும்பையைச் சேர்ந்த ஜியோடெசிக் என்ற மென்பொருள் நிறுவனம் அதை வாங்கியது. பிள்ளைகளின் ஓய்வு நேரத்தைத் தொலைக்காட்சியும் கணினி விளையாட்டும் பங்குபோட்டுக்கொண்ட காலம். தோற்றத்தையும் உள்ளடக்கத்தையும் புதுப்பிக்கும் முயற்சிகள் நடந்தன. ஆனாலும் 2013இல் அம்புலிமாமா அடியோடு நின்றது. எண்பது வயதைத் தாண்டிய பிறகும் சங்கர் இதழுக்கு வரைந்துகொண்டிருந்தார்.

பத்திரிகை ஓவியருக்குக் கிடைக்கும் புகழ் விசித்திரமானது. படத்தைக் கோடிக்கணக்கானோர் அறிவார்கள். வரைந்தவரைத் தெருவில் பார்த்தால் யாருக்கும் தெரியாது. கதாசிரியரின் பெயரே போடாத கதைகள் அம்புலிமாமாவில் ஏராளம். ஓவியருக்குச் சட்டத்தின் மூலையில் சின்னக் கையெழுத்து மட்டும் உண்டு. கண்காட்சிக் கூடங்களின் வரலாற்றை எழுதியவர்கள் சென்னைக் கலைப்பள்ளி என்றதும் ஓவியர் பணிக்கரையும் சிற்பி தனபாலையும் பற்றிப் பேசினார்கள். மாதச் சம்பளத்துக்குக் குழந்தைகளுக்கு வரைந்த அதே பள்ளி மாணவரை அந்த வரிசையில் வைக்கவில்லை. இது சரிசெய்ய வேண்டிய விடுபடல். ராய் சௌத்ரியின் வகுப்பறையில் கற்ற உடற்கூறும் ஒளிநிழலும் மிகப் பெரிய கூட்டத்தைச் சென்றடைந்தது சங்கரின் வழியாகத்தான்.

பழைய இதழ்களை மூட்டைகட்டி வைத்திருந்த வாசகர்கள் அவற்றை வருடி இணையத்தில் ஏற்றத் தொடங்கிய பிறகு, மூலையிலிருந்த கையெழுத்தைத் தேடி மக்கள் வந்தார்கள். தொண்ணூறு வயதை நெருங்கியவரிடம் செய்தியாளர்கள் பேட்டி எடுத்தார்கள். 2020 செப்டம்பர் 29 அன்று சங்கர் சென்னையில் காலமானார். அப்போது வயது 96. நான்கு மாதங்கள் கழித்து, 2021 குடியரசு நாளையொட்டி வெளியான பட்டியலில், கலைப் பிரிவில் தமிழ்நாட்டைச் சேர்ந்த கே.சி. சிவசங்கருக்கு மறைவுக்குப் பிந்திய பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.